25 கிலோ எப்போது 5 கிலோ ஆகிறது?
பாரம் தூக்கும் தொழிலாளர்கள் அறிந்திருக்க வேண்டிய அளவுகள்

"ஒரு தொழிலாளி எத்தனை கிலோ வரை தூக்கலாம்?" வேலையிடப் பாதுகாப்பைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் முதலாளிகளும் தொழிலாளர்களும் தவறாமல் கேட்கும் கேள்வி இது. பலருக்கும் தெரிந்த பதில், ஆணுக்கு 25 கிலோ என்பது. பல கிடங்குகளில் இந்த எண் சுவரிலும் ஒட்டப்பட்டிருக்கும்.

ஆனால் இந்தப் பதில் முழுமையானதல்ல. நிமிர்ந்து நின்று, பொருளை வயிற்றோடு அணைத்து, முழங்கை உயரத்தில் பிடித்திருக்கும் ஆணுக்குத்தான் அந்த 25 கிலோ. அவரே குனிந்து, கையை நீட்டி, தரையில் கிடக்கும் பொருளை எடுத்தால் அளவு 5 கிலோவாகக் குறைந்து விடுகிறது. ஆள் ஒருவர்தான், தசையும் அதேதான். உடல் நிற்கும் நிலை மட்டுமே மாறியிருக்கிறது. இந்த வேறுபாடு தெரியாமல் 25 என்ற ஒரே எண்ணை நம்பி வேலை வாங்குவதும் வேலை செய்வதும்தான் எத்தனையோ குடும்பங்களின் வருமானத்தைப் பாதிக்கும் முதுகுவலிக்கு வழி வகுக்கிறது.

முதுகு பாரத்தை எப்படி எடை போடுகிறது?

பிள்ளைகள் இருபுறமும் உட்கார்ந்து மேலும் கீழுமாக ஆடும் பலகையை எல்லாரும் பார்த்திருப்போம். நடுவிலிருந்து தள்ளி உட்காரும் சிறு பிள்ளை, நடுவை ஒட்டி உட்காரும் பெரியவரைக்கூட மேலே தூக்கி விடும். மனித முதுகும் இதே விதிப்படிதான் இயங்குகிறது.

நடுவில் இருப்பது முதுகெலும்பு. முன்பக்கம் கையில் உள்ள பாரம். பின்பக்கம் அந்தப் பாரத்தை இழுத்துப் பிடிக்கும் முதுகுத் தசை. இந்தத் தசை எலும்பிலிருந்து ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. 20 கிலோ பெட்டியை முதுகெலும்பிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால், பத்து மடங்கு தூரத்தைச் சமன் செய்ய முதுகுத் தசை 200 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். அதே பெட்டியை 25 சென்டிமீட்டருக்குக் கொண்டு வந்தால் இழுவை 100 கிலோவாகப் பாதியாகி விடும்.

குனியும்போது இன்னொரு பாரமும் சேர்ந்து கொள்கிறது. தலை, கைகள், மார்பு, வயிறு ஆகியவை சேர்ந்து உடல் எடையில் பாதிக்கு மேல் இருக்கும். ஆகவே 70 கிலோ எடையுள்ளவர் தரையில் விழுந்த ஒரு பேனாவைக் குனிந்து எடுத்தாலும், 35 கிலோவுக்கு அதிகமான தம் சொந்த உடம்பை முதுகால் தாங்குகிறார். "ஒன்றும் கனமில்லை, சும்மா குனிந்தேன், பிடித்துக்கொண்டது" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை.

இந்த அழுத்தமெல்லாம் முதுகெலும்புகளுக்கு இடையில் மெத்தை போல இருக்கும் வட்டுகளின் மீது இறங்குகிறது. குனிந்தபடியே இடுப்பைத் திருப்பினால் வட்டின் ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் இழுபடும். நாள்தோறும் இப்படி நடந்தால் வட்டின் வெளிச்சுவர் நைந்து, உள்ளிருக்கும் கூழ் போன்ற பகுதி பிதுங்கி நரம்பை அழுத்தக்கூடும். இடுப்பில் தொடங்கி கால் வரை மின்சாரம் பாய்வது போன்ற வலி அப்போதுதான் வருகிறது.

நம் நாட்டு வழிகாட்டி சொல்லும் அளவுகள்

மலேசியாவின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகாவான டோஷ், 2017ஆம் ஆண்டில் பணிச்சூழல் இடர் மதிப்பீட்டு வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. அதில் உள்ள தூக்கும் அளவுகள், பிரிட்டன் நீண்ட காலமாகப் பயன்படுத்தி வரும் அளவுகளே. உடம்பு ஐந்து உயரங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் பொருள் உடம்போடு ஒட்டியிருந்தால் எவ்வளவு, கை நீட்டியிருந்தால் எவ்வளவு என்று இரண்டு எண்கள் தரப்பட்டுள்ளன.

ஆண்களுக்கு:
தோளுக்கு மேல்: ஒட்டினால் 10 கிலோ, நீட்டினால் 5 கிலோ.
தோள் முதல் முழங்கை வரை: 20 கிலோ, 10 கிலோ.
முழங்கை முதல், தொங்கவிட்ட கையின் விரல் முட்டி வரை: 25 கிலோ, 15 கிலோ.
விரல் முட்டி முதல் கெண்டைக்கால் நடு வரை: 20 கிலோ, 10 கிலோ.
அதற்கும் கீழே, தரை வரை: 10 கிலோ, 5 கிலோ.

பெண்களுக்கு அதே வரிசையில்: 7 மற்றும் 3, 13 மற்றும் 7, 16 மற்றும் 10, 13 மற்றும் 7, 7 மற்றும் 3 கிலோ.

தூக்கும்போது பொருள் ஒன்றுக்கு மேற்பட்ட உயரங்களைக் கடந்தால், அவற்றுள் மிகக் குறைந்த எண்ணையே கணக்கில் கொள்ள வேண்டும். தரையிலிருந்து எடுத்து மேசையில் வைக்கும் வேலைக்கு, மேசை உயரத்தின் 25 கிலோ பொருந்தாது. தரையின் 10 கிலோவே பொருந்தும்.

இந்த எண்களைத் தாண்டினால் உடனே முதுகு முறிந்து விடும் என்று பொருளில்லை. அதுபோல, இவற்றுக்குள் இருந்தால் ஒன்றும் ஆகாது என்ற உத்தரவாதமும் இல்லை. பெரும்பாலான நலமான தொழிலாளர்களுக்கு ஆபத்து குறைவாக இருக்கும் எல்லை இது. இதைத் தாண்டும் வேலையை விரிவாக ஆராய்ந்து மாற்றியமைக்க வேண்டும் என்பதற்கான எச்சரிக்கைக் கோடு என்று கொள்ளலாம். கர்ப்பிணிகள், முன்பே முதுகில் அடிபட்டவர்கள், வயதில் மிக இளையோர் ஆகியோருக்கு இவற்றையும் குறைக்க வேண்டும்.

திரும்பினால் குறையும், அடிக்கடி தூக்கினால் இன்னும் குறையும்

மேலே சொன்ன எண்கள் முகத்துக்கு நேராக, மணிக்கு ஏறத்தாழ 30 முறைக்கு மேற்போகாமல் தூக்குபவருக்கு உரியவை. இடுப்பை 45 பாகை திருப்பித் தூக்கினால் 10 விழுக்காடு குறைக்க வேண்டும். 90 பாகை திரும்பினால் 20 விழுக்காடு. நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை தூக்கினால் 30 விழுக்காடும், ஐந்து முதல் எட்டு முறை என்றால் 50 விழுக்காடும், 12 முறைக்கு மேல் என்றால் 80 விழுக்காடும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

காய்கறி மொத்தச் சந்தையில் லோரியிலிருந்து கூடைகளை இறக்குபவரை எடுத்துக்கொள்வோம். கூடை முழங்கை உயரத்தில், உடம்போடு ஒட்டி வருகிறது. ஆக 25 கிலோ. பக்கத்தில் அடுக்குவதற்காக 45 பாகை திரும்புகிறார், 22.5 கிலோ ஆகிறது. அவசரத்தில் நிமிடத்துக்கு ஆறு கூடை இறக்குகிறார். பாதியாகக் குறைந்து 11 கிலோவுக்குச் சற்று அதிகம் என்று நிற்கிறது. 20 கிலோ கூடையைப் பார்த்து "25க்குக் கீழேதானே" என்று மேற்பார்வையாளர் சொன்னால் அது தவறான கணக்கு.

அமெரிக்காவின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார ஆய்வுக் கழகமான நியோஷ் 1991ஆம் ஆண்டில் திருத்தி அமைத்த சூத்திரமும் இதையே வேறு வழியில் காட்டுகிறது. அது 23 கிலோவில் தொடங்கி, தூரம், உயரம், திருப்பம், வேகம், கைப்பிடி ஆகிய ஒவ்வொன்றுக்காகவும் எண்ணைக் குறைத்துக்கொண்டே போகும். நல்ல கைப்பிடியுள்ள பெட்டி ஒன்று தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயரத்தில், கணுக்காலுக்கு 50 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது. அதை இடுப்பு உயரத்துக்கு, அதாவது 75 சென்டிமீட்டருக்கு, 45 பாகை திரும்பித் தூக்க வேண்டும். எப்போதாவது ஒருமுறை மட்டும் தூக்கினாலும், சூத்திரம் தரும் அளவு 7 கிலோவைச் சற்றே தாண்டுகிறது. 23 கிலோவில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை.

முட்டி போட்டும் குந்தியும் வேலை செய்வோர்

நியோஷ் சூத்திரத்தைப் பயன்படுத்தக் கூடாத இடங்களையும் அந்தக் கழகமே பட்டியலிட்டிருக்கிறது. உட்கார்ந்து தூக்குவது, முட்டி போட்டுத் தூக்குவது, நிமிர முடியாத இடுக்கில் தூக்குவது, ஒற்றைக் கையால் தூக்குவது ஆகியவை அவற்றில் அடங்கும். ஓடு பதிப்பவர், குழாய் பழுது பார்ப்பவர், கொள்கலனுக்குள் தவழ்ந்து சரக்கு அடுக்குபவர், விமானத்தின் அடிவயிற்றில் பயணப் பெட்டிகளை அடுக்குபவர் ஆகியோர் அன்றாடம் செய்வது இதைத்தான்.

இதற்குக் காரணம் எளிது. நின்று தூக்கும்போது வலிமையான தொடைத் தசைகளும் வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன. முட்டி போட்டாலோ உட்கார்ந்தாலோ அவை ஒதுங்கி விடுகின்றன. முழுப் பாரமும் இடுப்பிலும் தோளிலும் விழுகிறது. உட்கார்ந்த நிலையில் ஆணுக்கு 5 கிலோ, பெண்ணுக்கு 3 கிலோ என்று வழிகாட்டி இவ்வளவு குறைத்துச் சொல்வதற்கு இதுவே காரணம். கடை முகப்பில் உட்கார்ந்தபடி 10 கிலோ அரிசிப் பையை நகர்த்தும் பணியாளர், அந்த ஒரு நொடிக்கு எழுந்து நிற்பது நல்லது.

பாரமே இல்லாவிட்டாலும் நிலையே ஆபத்தாகலாம். முதுகை 30 பாகைக்கு மேல் குனிந்து வைத்திருப்பது, கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தி வேலை செய்வது, குந்துவது, முட்டி போடுவது ஆகியவை ஒரு நாளில் மொத்தம் 2 மணி நேரத்துக்கு மேல் போனால், அந்த வேலையைக் கவனிக்க வேண்டும் என்று டோஷ் வழிகாட்டி கூறுகிறது.

சுமந்து செல்லும் தூரமும் முக்கியம்

மேற்கண்ட அளவுகள் பொருளை உடம்போடு அணைத்துக்கொண்டு 10 மீட்டர் வரை நடப்பவருக்கும் பொருந்தும். அதற்கு மேல் நடக்க வேண்டுமானால் நடுவில் இறக்கி வைக்க இடம் வேண்டும், அல்லது பாரத்தைக் குறைக்க வேண்டும். லோரித் தளத்திலிருந்து நேராகத் தோளில் ஏற்றிக்கொள்ளும் மூட்டைக்கு மட்டும் இதில் விலக்குண்டு. அங்கே குனிந்து தூக்கும் வேலை இல்லை என்பதே காரணம்.

பாரத்தை உடம்பின் நடுக்கோட்டுக்கு அருகில் கொண்டு வருவதை நம் முன்னோர் அனுபவத்திலேயே அறிந்திருந்தார்கள். ரப்பர் தோட்டங்களில் பால் வாளிகளைக் கம்பின் இரு முனையிலும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்தார்கள். பினாங்கில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் சோற்றையும் கறியையும் அப்படியே சுமந்து விற்றதால்தான் "நாசி கண்டார்" என்ற பெயரே வந்தது. இரு புறமும் சமமாக இருப்பதால் முதுகு ஒரு பக்கம் வளைவதில்லை. எனினும் தோளும் கழுத்தும் நசுங்குவதை அந்த முறையால் தடுக்க முடியவில்லை. ஆகவே அது சமநிலைக்கு நல்ல உதாரணமே தவிர, அளவில்லாமல் சுமக்க அனுமதி அல்ல.

சிமெண்டு மூட்டையும் செம்பனைக் குலையும்

கட்டுமான வேலையிடங்களில் புழங்கும் சிமெண்டு மூட்டை 50 கிலோ. மிகச் சிறந்த நிலையில்கூட அது ஓர் ஆணுக்குரிய அளவைப் போல இரண்டு மடங்கு. "இரண்டு பேர் பிடித்தால் சரியாகி விடும்" என்பதும் முழுக்கச் சரியல்ல. இருவர் சேர்ந்து தூக்கும்போது இருவரின் பலத்தையும் கூட்டியதில் மூன்றில் இரண்டு பங்கும், மூவர் தூக்கும்போது பாதியும்தான் பாதுகாப்பான அளவு. 25ஐயும் 25ஐயும் கூட்டினால் 50. அதில் மூன்றில் இரண்டு பங்கு 33 கிலோ. 50 கிலோ மூட்டை அப்போதும் அதிகம்தான். தள்ளுவண்டி, பாரந்தூக்கி, சிறு மூட்டை ஆகியவைதான் இதற்கு விடை.

தோட்டங்களில் செம்பனைக் குலைகள் பெரும்பாலும் 10 முதல் 25 கிலோ வரை இருக்கும். முதிர்ந்த மரங்களில் அதற்கு மேலும் போகும். குலையைக் கம்பியால் குத்தி எடுத்துத் தோளுக்கு மேல் உயர்த்தி வண்டிக்குள் எறிவதே ஏற்றும் வேலை. தோளுக்கு மேல் ஆணுக்குரிய அளவு 10 கிலோ, கை நீட்டினால் 5 கிலோ என்பதை நினைத்துப் பார்த்தால், ஒவ்வொரு குலையும் வரம்பைத் தாண்டுவது புரியும். அன்று எருமை வண்டி செய்த வேலையை இன்று மோட்டார் தள்ளுவண்டியும், குலையைக் கவ்வித் தூக்கும் இயந்திரக் கையும் செய்கின்றன. அவை எட்டாத இடங்களில், வண்டியின் விளிம்பைத் தாழ்த்துவதே பெரிய மாற்றத்தைத் தரும். தோளுக்கு மேல் எறிவது இடுப்பு உயரத்துக்கு மாறினால், அந்த உயரத்துக்குரிய அளவு இரண்டு மடங்குக்கு மேல் உயர்கிறது.

வீட்டிலும் பாரம் தூக்குகிறோம்

படுக்கையில் இருக்கும் தாய் தந்தையரைத் தூக்கி உட்கார வைக்கும் பிள்ளைகளும், மருத்துவமனைத் தாதியரும், முதியோர் இல்லப் பணியாளர்களும் யாரும் எடை போட்டுப் பார்க்காத பாரத்தைத் தூக்குகிறார்கள். நோயாளிக்குக் கைப்பிடி இல்லை. திடீரென்று சாய்வார், பிடித்திழுப்பார். ஆகவே ஆளைத் தூக்கும்போது ஒருவர் தாங்கும் பாரம் 16 கிலோவைத் தாண்டக் கூடாது என்று 2007ஆம் ஆண்டில் நியோஷ் ஆய்வாளர் ஒருவர் வரையறுத்தார். பெரியவர் ஒருவரின் உடம்பு இதைப் போலப் பல மடங்கு. எனவே தூக்குவதைத் தவிர்த்து, வழுக்கும் விரிப்பைப் போட்டு நகர்த்துவது, கட்டிலின் உயரத்தைக் கூட்டுவது, முடிந்தவரை அவரையே கால் ஊன்றச் செய்வது ஆகியவற்றைப் பழக வேண்டும்.

இடுப்புப் பட்டை காப்பாற்றுமா?

பல கிடங்குகளில் இடுப்புப் பட்டையைக் கொடுத்து விட்டுக் கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அமெரிக்காவில் சில்லறைக் கடைப் பணியாளர்கள் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நியோஷ் நடத்தி, 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பட்டை அணிந்தவர்களுக்கு முதுகுவலியோ காயமோ குறையவில்லை என்று தெரிய வந்தது. பட்டை தரும் துணிச்சலில் கூடுதலாகத் தூக்குவது இன்னும் கெடுதல்.

"முட்டியை மடக்கு, முதுகை நேராக வை" என்ற பயிற்சி மட்டும் போதுமா? அதுவும் போதாது. பயிற்சியை மட்டும் நம்பிய இடங்களில் முதுகுவலி குறைந்ததாகச் சான்று இல்லை என்பதை 2011ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு காட்டியது. 50 கிலோ மூட்டையை எந்த முறையில் தூக்கினாலும் அது 50 கிலோதான். அடுக்கைத் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு உயர்த்துவது, கனமானவற்றை நடுத்தட்டில் வைப்பது, பொதியைச் சிறிதாக்குவது, சக்கரம் பொருத்துவது என்று வேலையை மாற்றுவதே முதல் வழி. முறையாகத் தூக்குவது அடுத்ததுதான்.

அப்படித் தூக்கும்போது மறக்கக் கூடாதவை நான்கு. பொருளை உடம்போடு அணைக்க வேண்டும். இடுப்பைத் திருப்பாமல் பாதத்தை நகர்த்தித் திரும்ப வேண்டும். வெடுக்கென்று இழுக்கக் கூடாது. காலையில் எழுந்தவுடனும், நெடுநேரம் லோரி ஓட்டி இறங்கியவுடனும் கனமான பொருளைத் தூக்கக் கூடாது; சில நிமிடம் நடந்த பிறகே தொடங்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 1967ஆம் ஆண்டில் ஆண் தொழிலாளிக்கு அதிகபட்சம் 55 கிலோ என்று பரிந்துரைத்தது. அதே ஆண்டில் வந்த நம் நாட்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம், காயம் விளைவிக்கக்கூடிய பாரத்தைத் தூக்கச் சொல்லக் கூடாது என்றது. கிலோ அளவு சொல்லவில்லை. அந்தச் சட்டம் 2024 ஜூன் 1ஆம் நாள் நீக்கப்பட்டது. அதே நாளில் நடப்புக்கு வந்த திருத்தத்தால், 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் சில விலக்குகள் தவிர ஏறக்குறைய எல்லா வேலையிடங்களையும் உள்ளடக்குகிறது. வீட்டுப் பணியாளர்கள் அதில் சேரவில்லை.

இதன்படி ஒவ்வொரு முதலாளியும் வேலையிட ஆபத்துகளை மதிப்பிட வேண்டும். ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் இருக்க வேண்டும். நாற்பது பேர் என்றால் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும். பொதுக் கடமையை மீறும் முதலாளிக்கு 500,000 ரிங்கிட் வரை அபராதமோ, இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பாதுகாப்பில்லை என்று புகார் செய்ததற்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்கவும் சட்டம் அனுமதிப்பதில்லை.

வேலையில் அடிபட்டால் சொக்சோ உண்டு. 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் இதில் சேர்க்கப்பட்டுள்ளனர். மருத்துவ விடுப்பு நான்கு நாளுக்குக் குறையாமல் இருந்தால், தற்காலிக உடற்குறைக்கான உதவித்தொகையாக நாட்கூலிக் கணக்கில் 80 விழுக்காடு கிடைக்கும். ஆனால் "லேசான பிடிப்புதான்" என்று மூன்று நாள் மறைத்து, பிறகு வீட்டில் விழுந்ததாகச் சொல்லி மருந்து வாங்கினால், வேலையில் நடந்ததை நிரூபிப்பது கடினம். வலி வந்த அன்றே மேற்பார்வையாளரிடம் சொல்லி, எதைத் தூக்கும்போது வந்தது என்பதை மருத்துவரின் குறிப்பில் பதியச் செய்வது அவசியம். விபத்து தெரிய வந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும்.

எப்போது மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

பெரும்பாலான முதுகுவலி சில வாரங்களில் தணிந்து விடும். நாள் கணக்கில் படுத்தே கிடப்பது நல்லதல்ல. இயன்ற அளவு நடமாடுவதே விரைவில் குணமாக உதவும். ஆனால் கால் வலுவிழந்து தடுமாறினாலோ, தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப் போனாலோ, சிறுநீர் அடைத்தாலோ அடக்க முடியாமல் போனாலோ, எண்ணெய் தேய்த்து உருவி விடக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். தாமதித்தால் நரம்பின் பாதிப்பு நிரந்தரமாகி விடக்கூடும்.

நாட்கூலிக்கு வேலை செய்பவர் "முடியாது" என்று சொல்லத் தயங்குவார் என்பதை எல்லாரும் அறிவோம். அதனால்தான் அளவுகள் தெரிந்திருக்க வேண்டும். "கனமாக இருக்கிறது" என்று சொல்பவரைச் சோம்பேறி என்று ஒதுக்கி விடலாம். "இது தரையிலிருந்து எடுப்பது, வழிகாட்டியின்படி 10 கிலோ, இந்தப் பெட்டியில் 20 இருக்கிறது, பிரித்துக் கொடுங்கள்" என்று சொல்பவரை அவ்வளவு எளிதில் ஒதுக்க முடியாது. பெட்டியின் மேல் எடையை எழுதி வைப்பதும், அடுக்கை ஒரு முழம் உயர்த்துவதும் முதலாளிக்குப் பெரிய செலவல்ல. அடுத்த முறை வேலைக்குச் செல்லும்போது, தினமும் தூக்கும் பொருளின் எடை என்ன, அதை எந்த உயரத்திலிருந்து எடுக்கிறோம் என்ற இரண்டை மட்டும் பார்த்து வைத்தால்கூட நல்ல தொடக்கமாக அமையும்.